பார்ஃபிரின் ஆய்வுக்கு மகளை விடலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு. கம்ப்யூட்டரில் பார்ஃபிரின் ஆய்வு செய்யணும் என்கிறாள், நீங்கள் பி.எட். போதும் என்கிறீர்கள். பி.எட். எங்கும் ஓடிவிடாது. இது அவளுக்கு ஒத்துவருமா என்று இந்தக் கோடை லீவில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பணம் கட்டி ஆன்லைன் கோர்ஸ் எதிலும் சேர்க்க வேண்டாம்.

ரத்தத்தின் ஹீமில் இரும்பைப் பிடித்திருக்கும் வளையம்தான் பார்ஃபிரின். ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் சோலார் செல்லுக்கும் புற்றுநோய் ஒளிச்சிகிச்சைக்கும் பயன்படுகிறது. வளையத்தில் எதைச் சேர்த்தால் எந்த நிறத்தை உறிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதே இந்த வேலை.

16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். மூலக்கூறை வரையும் அவகாட்ரோ மென்பொருள் இலவசம், கணக்கை ஓட்டும் ஓர்கா மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். வளையத்தில் எதுவும் சேர்க்காத, 38 அணுக்கள் கொண்ட எளிய பார்ஃபிரினுக்குப் பெயர் பார்ஃபின். முதலில் அதை வரைந்து, பி3எல்ஒய்பி என்ற குவாண்டம் கணக்கு முறையில் வடிவத்தைச் சீராக்கட்டும். பிறகு அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று பார்க்கும் அதிர்வெண் கணக்கு. அதில் மைனஸ் எண் வந்தால் வடிவம் இன்னும் ஆற்றல் பள்ளத்தின் அடியில் போய் உட்காரவில்லை என்று அர்த்தம்; அணுக்களைச் சற்று நகர்த்தி மறுபடி ஓட்டணும். பலர் இதைப் பார்க்காமலே அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாக, எந்த ஒளியை உறிஞ்சும் என்று சொல்லும் டிடி-டிஎஃப்டி கணக்கு. பார்ஃபிரின் மிக வலுவாக ஒளியை உறிஞ்சும் இடமான சோரே பட்டை, சோதனையில் 400 நானோமீட்டரை ஒட்டி வரும், கணக்கில் அதைவிடக் குறைவாக விழும். ஏன் என்று அவள் குடைய ஆரம்பித்தால் ஆள் தேறிவிட்டாள்.

வளையத்தின் நடுவில் உலோகம் வைத்தால் ஸ்பின் மல்டிப்ளிசிட்டியில் (ஜோடி சேராத எலக்ட்ரான்களைப் பொறுத்து நாம் கொடுக்கும் எண்) கவனம்: ஜிங்க் என்றால் 1, காப்பர் 2. இரும்பு(II) வம்பு பிடித்தது; 1, 3, 5 மூன்றையும் ஓட்டி ஆற்றலை ஒப்பிடணும். தப்பான எண் கொடுத்தாலும் கணக்கு சமர்த்தாக முடிந்து ஒரு விடையைத் தரும், அதுதான் ஆபத்து.

அலைடு பாடத்தில் கணிதம் இருக்கட்டும், கூடவே பைத்தான் புரோகிராமிங். பிறகு ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அடுத்து சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. இல்லாமல் இதில் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், ஊர்ப்பக்கம் எதிர்பார்க்கவே வேண்டாம். மருந்து வடிவமைப்பு வேலைக்கு பெங்களூரு, ஹைதராபாத் போகணும்.

படிப்புக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பஸ் போகும் வழியில் பாப்பனங்கோட்டில் என்ஐஐஎஸ்டி ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே விதுராவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம். அங்குள்ள பேராசிரியர்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது மார்க் ஷீட்டோடு அந்த பார்ஃபின் நிறமாலையையும் இணைக்கச் சொல்லுங்கள்.