கென்னடி வழக்கில் ஒரு தோட்டாவைப் பற்றி 60 வருடமாக ஏன் சண்டை?

நான் துப்பறிவாளன் இல்லை. நீடாமங்கலம் பக்கம் விஏஓவாக இருந்து ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான். ஆனால் போலீஸ் மகஜர்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டே கை தேய்ந்தவன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

1963 நவம்பர் 22, டல்லாஸ். சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கென்னடியையும் டெக்சாஸ் கவர்னர் கானலியையும் பார்க்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். லிப்ட் அருகே வழியை அடைத்துக் கிடந்த ஸ்ட்ரெச்சரை டாம்லின்சன் என்ற ஊழியர் சுவரோரம் தள்ள, ஒரு தோட்டா உருண்டு வருகிறது. அது ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு அதிகாரி ரைட் கைக்குப் போய், ஜனாதிபதிக்குக் காவல் இருக்கும் சீக்ரெட் சர்வீஸின் ஜான்சன், அதன் தலைவர் ரௌலி, எஃப்பிஐயின் டாட் என்று கைமாறி அன்றிரவே ஆய்வகத்தில் ஃப்ரேசியரிடம் சேர்கிறது. 1964-ல் அதே தோட்டாவைக் காட்டிக் கேட்டபோது முதல் நாலு பேரில் ஒருவர்கூட 'இதுதான்' என்று அடித்துச் சொல்லவில்லை. எந்த ஸ்ட்ரெச்சரிலிருந்து விழுந்தது என்பதிலேயே டாம்லின்சனுக்கு உறுதியில்லை, கானலியுடையதுதான் என்று, கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் கமிஷன் முடிவு கட்டிவிட்டது.

இரண்டு பேர் உடம்பிலும் புகுந்து, கானலியின் விலா எலும்பையும் மணிக்கட்டையும் உடைத்ததாகச் சொல்லப்படும் தோட்டா அது. எடை 158.6 கிரெய்ன் (சுமார் 10.3 கிராம்), புதுசே 160, 161தான் இருக்கும். சண்டை வராமல் என்ன செய்யும்? கானலியின் உடைகள் வேறு, எஃப்பிஐ பார்ப்பதற்கு முன்பே வெளுத்துத் தேய்த்து வந்துவிட்டன. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஹ்யூம்ஸ் தன் முதல் குறிப்புகளை வீட்டிலேயே எரித்தார்.

எனக்கும் ஒரு தடவை நேர்ந்தது. வெண்ணாற்றங்கரையில் ஒரு வெட்டு வழக்கு. ரத்தம் பட்ட களிமண் ஒரு டப்பா, படாத மண் இன்னொரு டப்பா, அப்புறம் அரிவாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்துச் சீட்டைச் சணலில் கட்டினோம். மூன்று வருடம் கழித்துக் கூண்டில் நிற்கிறேன், அரிவாள் இருக்கிறது, பிடியில் சணலும் இருக்கிறது, சீட்டு மட்டும் நைந்து போயிருக்கிறது. "இது அதே அரிவாள்தானா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "அதே மாதிரிதான் இருக்குங்க" என்றேன். "மாதிரியா, அதேவா?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்கு வேர்த்துவிட்டது.

டாம்லின்சன் சொன்னதும் ஏறக்குறைய அந்த 'மாதிரி'தான். தோட்டாவை யாரோ மாற்றி வைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. அதன் மேலுள்ள கோடுகள், கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் துப்பாக்கியோடு பொருந்தியதை ஃப்ரேசியர் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பொருத்தம் தோட்டா ஆய்வகத்துக்கு வந்த பிறகு நடந்தது, ஸ்ட்ரெச்சர் பக்கத்து ஓட்டையை அது அடைக்காது. இரண்டே நாளில் ஆஸ்வால்டை ஜாக் ரூபி என்பவர் சுட்டுக் கொன்றுவிட்டதால் வழக்கு கோர்ட்டுக்கே வரவில்லை. என்னிடம் கேட்ட மாதிரி அந்த நாலு பேரைக் கூண்டில் நிறுத்திக் கேட்க எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவரும் இல்லை.