ஆச்சி பதில்கள்: உங்களுக்குப் பிடித்த படம், உங்கள் கூட்டாளிக்குப் பிடித்த படம்

கூட்டாளிகளோடு பார்த்த படங்கள், கூட்டாளிகள் சொல்லிப் பார்த்த படங்கள் இவற்றைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் பக்கம் போதாது. ஆறுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வழக்கம்போல் ஊர் பெயர் மட்டும்தான், ஆள் பெயர் கிடையாது.

தேவகோட்டை: ஆச்சி, ஒரே பள்ளியில் படித்த நாங்கள் எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்துப் படம் பட்டியல் போடலாம் என்று ஆரம்பித்தோம், இரண்டே நாளில் சண்டையாகிவிட்டது. யார் பட்டியல் உயர்ந்தது என்று எப்படி முடிவு செய்வது?

முடிவு செய்யவே வேண்டாம் தம்பி. எட்டுப் பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள், பொறுமையாகப் படித்தேன். எட்டிலும் ஆறேழு படம் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. விருது வாங்கிய படம், பத்திரிகைகள் புகழ்ந்த படம், பிடிக்கும் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும் படம். பிடித்த படத்தை எழுதச் சொன்னால் பிடித்திருக்க வேண்டிய படத்தை எழுதிவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் யாரும் யாரையும் தெரிந்துகொள்ளாமல் சண்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். காரைக்குடியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாங்கள், மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், இரண்டு தூணுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, ஒருத்தி மகன் வாங்கிக் கொடுத்த சின்ன புரொஜெக்டரில் படம் போடுவோம், இருட்டிய பிறகுதான் போட முடியும், முற்றத்து வெளிச்சம் அடங்க வேண்டுமே. ஆளுக்கு ஒரே படம்தான். படத்தைச் சொல்கிறவள் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: முதல் தடவை எங்கே பார்த்தாள், யாரோடு பார்த்தாள், அப்புறம் எத்தனை தடவை பார்த்தாள். நல்ல படமா இல்லையா என்ற பேச்சு பணியாரம் வந்த பிறகுதான்.

எங்களில் ஒருத்தி இருக்கிறாள், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள், பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் முறை வந்தபோது ஏதோ பாட்டும் கூத்துமான படம்தான் சொல்லப் போகிறாள் என்று நாங்கள் நினைத்திருக்க, அவள் ‘ஆறிலிருந்து அறுபது வரை’ என்றாள். 1979-ல் வந்தது, எஸ்.பி. முத்துராமன் இயக்கியது, ரஜினிகாந்த் ஒரு சண்டையும் போடாமல், தம்பி தங்கைகளுக்காக உழைத்துத் தேய்ந்து கடைசியில் அவர்களாலேயே ஒதுக்கப்படும் அண்ணனாக நடித்தது. அது வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம், முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசிச் சிரித்துத்தான் வீடு வந்தோம். மறுநாள் மேட்னிக்கு அவள் மட்டும் தனியாக மறுபடி போயிருக்கிறாள். அந்த வாரத்திலேயே மூன்று தடவை. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வளவில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னாள்.

அவள்தான் வீட்டில் மூத்தவள். அப்பச்சி (அப்பாதான்) மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர் நொடித்துப்போய்த் திரும்பி வந்தார், தம்பிகள் இருவரையும் தங்கச்சியையும் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தது இவள் சம்பளத்தில்தான். இவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்குப் படம் முடிந்தபின் யாரும் விளக்கைப் போடவில்லை. ஒருத்தி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான், பணியாரமெல்லாம் ஆறிப்போனது.

எட்டுப் பேரும் பட்டியலை அழித்துவிட்டு ஆளுக்கு ஒரு படம், அந்த மூன்று கேள்விக்குப் பதில், இப்படி எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.

காரைக்குடி (இப்போது சென்னையில் படிக்கிறவர்): ஏவி.எம். ஸ்டுடியோ முதலில் நம் காரைக்குடியில்தான் இருந்தது என்று விடுதியில் சொன்னேன், யாரும் நம்பவில்லை ஆச்சி. உண்மைதானே?

உண்மைதான், தைரியமாகச் சொல்லு. ஏ.வி. மெய்யப்பன் 1907-ல் காரைக்குடியில் பிறந்தவர், இங்கே அவர்கள் குடும்பத்துக்கு ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடை, கிராமபோன் இசைத்தட்டும் விற்றார்கள், அந்த இசைத்தட்டு வியாபாரத்திலிருந்துதான் படம் எடுக்கப் போனார். யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது பெரும் பாடாக இருந்தது, அதனால் சொந்த ஊருக்கே வந்து தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டார். ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். 1947 தொடக்கத்தில், சுதந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்பே வெளியாகிவிட்டது. வந்த படத்தில், சுதந்திரம் கிடைத்தேவிட்டது என்று பாரதி ஆனந்தமாகப் பாடிய பாட்டை டி.கே. பட்டம்மாள் பாட, சின்னப் பெண்ணாக இருந்த குமாரி கமலா ஆடினார். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து அதைக் கேட்ட ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார், வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை!

பாரதி பாட்டுகளின் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது, பிற்பாடு காசு வாங்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1948-ல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. உன் விடுதிக் கூட்டாளிகளிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம், ‘நாம் இருவர்’ படத்திலிருந்து அந்தப் பாட்டை மட்டும் போட்டுக் காட்டு. ரஸ்தா வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அந்தப் பாட்டை நினைத்துக்கொள்வேன்.

கானாடுகாத்தான்: எங்கள் பக்கத்து வீடுகளில் சூட்டிங் நடக்காத மாதமே இல்லை. ஆனால் படத்தில் பார்த்தால் ஒன்று பண்ணையார் வீடு, இல்லையென்றால் கல்யாண வீடு. செட்டிநாட்டு வீட்டைச் சரியாகக் காட்டிய படம் எது? பெங்களூர்த் தோழிகளுக்குக் காட்ட வேண்டும்.

என் மனசில் உடனே வருவது 2000-ல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. ராஜீவ் மேனன் நம் காரைக்குடிப் பக்கத்தில் எடுத்தது. ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியை இருநூறு வருஷத்துக்கு முன்பு எழுதிய கதையைத்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள், அது இங்கே இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததற்குக் காரணம் வீடுதான். பெரியவர் சாகிறார், உயில்படி வீடு மகனுக்குப் போகிறது, அதே வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மகளும் பேத்திகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டியதாகிறது. வீட்டில் பங்கு, பங்காளி, பூட்டு, சாவி என்று வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ஸ்ரீவித்யா அந்த அம்மாவாக வருகிறார், அவர் முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்தப் படத்தைப் போடுவேன், பாட்டெல்லாம் அப்புறம்.

தோழிகள் வந்தால் படத்தோடு விட்டுவிடாதீர்கள். ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போங்கள், கண்ணாடிமேல் கலர்க் குழம்பை ஊற்றி மண்ணும் சிமெண்டும் போட்டுத் தரைக்கல் எப்படிக் கையால் செய்கிறார்கள் என்று காட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளையும் பார்க்கட்டும். எந்த வீட்டுத் தூணும் நிலையும் அங்கே வந்து நிற்கிறதோ தெரியாது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தால் அழுகை வந்துவிடும், எனக்கு வந்தது.

சிவகங்கை: என் நண்பன் திருநெல்வேலிக்காரன். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மாதிரி ஒரு படம் உண்டா என்கிறான். நான் ‘சிவகங்கைச் சீமை’ என்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டும் ஒரே வருஷம், 1959. ஒன்று பந்துலு எடுத்தது, கலர், சிவாஜி கணேசன் கெய்ரோ வரை போய் விருது வாங்கினார். மற்றது நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் கைக்காசைப் போட்டு எடுத்தது, கறுப்பு வெள்ளை, கூட்டம் முதல் படத்துக்குத்தான் போனது. பிரமாண்டம் என்று கேட்டால் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் எனக்கு ‘சிவகங்கைச் சீமை’ பிடிக்கும், அதன் பாட்டுகளில் ஒரு துக்கம் இருக்கிறது, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போகிறவர்களின் வீட்டுத் துக்கம், அது கண்ணதாசனால்தான் முடியும்.

நீங்கள் இருவரும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டபொம்மனை 1799-ல் கயத்தாறில் தூக்கிலிட்ட பிறகு அவர் தம்பி ஊமைத்துரை அடைக்கலம் தேடி வந்தது உங்கள் படத்து நாயகர்களான மருது சகோதரர்களிடம்தான், சிறுவயலுக்கு. காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரம். அவருக்கு இடம் கொடுத்ததும் ஒரு காரணமாகத்தான் 1801-ல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கில் ஏறினார்கள். ஆகவே உங்கள் நண்பர் படம் முடிகிற இடத்தில் உங்கள் படம் தொடங்குகிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் மாலையில் இதையும் பாருங்கள், அடுத்த வாரம் காளையார்கோவிலுக்குப் போய் மருதிருவர் சமாதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பள்ளத்தூர்: என் சிநேகிதிகள் இருவர் சிங்கப்பூரில், ஒருத்தி கோலாலம்பூரில். சேர்ந்து படம் பார்க்க ஆசை. வழி உண்டா?

உண்டு. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, அதனால் இங்கே சாயந்திரம் 5 மணிக்கு ஆரம்பித்தால் அவர்களுக்கு 7.30, சமையலை முடித்துவிட்டு உட்காரலாம். போனில் குழுவாகக் கூப்பிட்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி எல்லோரும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுங்கள், பேச்சுச் சத்தம் இடிக்காமல் இருக்க இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். இடைவேளை கட்டாயம் விடுங்கள். முதல் படமாக ‘அன்னக்கிளி’ போடலாம், 1976, இளையராஜாவின் முதல் படம். அவரைக் கூட்டிவந்து நிறுத்தியவர் கண்ணதாசனின் அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம், நம்மவர். பாட்டு வரும்போது நான்கு பேரும் சேர்ந்து பாடாமல் இருக்க முடியாது.

குன்றக்குடி: நண்பர்கள் கூட்டத்தில் எனக்குப் பிடித்த படம் ‘சகலகலா வல்லவன்’ என்றேன். ‘அதெல்லாம் ஒரு படமா’ என்று ஒருவன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். சின்ன வயசில் என் அண்ணன் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன படம் ஆச்சி. அண்ணன் இப்போது இல்லை. இரண்டு மாதமாக நான் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தம்பி. முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை. 1982-ல் வந்தது. எடுத்தது ஏவி.எம்., இயக்கியது காரைக்குடிக்காரர் எஸ்.பி. முத்துராமன், எழுதியது பஞ்சு அருணாசலம், முழுக்க நம் மண்ணுக்காரர்கள் சேர்ந்து செய்தது. மேலே என் சிநேகிதி சொன்ன படத்தை எடுத்ததும் இதே இயக்குநரும் இதே எழுத்தாளரும்தான்! அதில் அழவைத்தார்கள், இதில் ஜனங்களை எழுந்து ஆடவைத்தார்கள். கமல் ஆடும் புத்தாண்டுப் பாட்டு இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி ஒலிக்கிறது. அப்படி ஒரு பாட்டை ஜனங்களுக்குக் கொடுத்த படத்தை நான் மட்டமாக நினைக்கவே மாட்டேன்.

அடுத்தது உங்கள் நண்பர். அவர் சொன்னது தப்பு, அதிலும் நாலு பேர் முன்னால் சொன்னது ரொம்பத் தப்பு. ஆனால் அண்ணன் கூட்டிப்போன கதையை நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கூட்டத்தில் சொன்னதாக எழுதவில்லையே. அவருக்கு அது தெரிந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கோபத்தில் இரண்டு மாதம் போய்விட்டது, மூன்றாவது மாதமும் போக வேண்டாம்.

அடுத்த தடவை கூடும்போது போங்கள், படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் அந்த நண்பரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். சைக்கிளில் போனதைச் சொல்லுங்கள், எந்தப் பாதை, அண்ணன் என்ன வாங்கிக் கொடுத்தார், எல்லாம். அப்புறம் படத்தைப் போடுங்கள். அண்ணன் எந்தப் பாட்டுக்கு விசில் அடித்தாரோ, அந்தப் பாட்டு வரும்போது நண்பரிடம் சொல்லுங்கள்.