பொருளாதாரம் விழும்போது யார் வீட்டில் அடி விழுகிறது? திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

நாட்டின் பொருளாதாரம் சரியும்போது வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஏன் கூடுகின்றன என்று மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும், பொருளியல் படிப்பிக்கும் ஒருவர் எழுதிய பதில்களும்.

கேள்வி (கிண்ணியா, பலசரக்குக் கடைக்காரர்): சேர், 2022 இல் பணவீக்கம் 70 சதவீதம் என்றார்கள். எங்கள் கடைக்கு வரும் சனத்துக்கு அதைவிடக் கூடத்தானே அடித்தது. கணக்கு பிழையா?

பதில்: கணக்கு சரி. ஆனால் அது எல்லா வீட்டையும் கலந்து எடுத்த சராசரி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உணவு 94.9, மற்றவை 57.6. இப்போது இரண்டு வீடுகளை எடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் 100 ரூபாயில் 60 சாப்பாட்டுக்கே போனால், அந்த வீடு கண்ட விலையேற்றம் ஏறக்குறைய 80 சதவீதம். சாப்பாட்டுக்கு 25 ரூபாய் மட்டும் போகும் வசதியான வீட்டுக்கு அது 67. ஒரே ஊர், ஒரே மாதம், 13 புள்ளி வித்தியாசம்.

இதில் சுட்டெண்ணுக்குள் வராத ஒன்றும் இருக்கிறது. நூறு கிராம் பருப்பு, கால் கிலோ சீனி என்று அன்றாடம் வாங்குகிறவர், மூட்டையாக வாங்குகிறவரைவிடக் கிலோவுக்குக் கூடத்தான் கொடுக்கிறார். கொப்பியில் எழுதி வாங்கினால் அதற்கும் மேலே. உங்கள் கடன் கொப்பியைப் புரட்டினாலே தெரியும்.

கேள்வி (அதே ஊர்): 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கிவிட்டது என்றார்களே, விலை இறங்கவில்லையே?

பதில்: இறங்கியது விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. ஒருவர் மாதம் உயிர்வாழக் குறைந்தது தேவை என்று அரசு கணக்கிடும் வறுமைக்கோடு 2019 இல் 6,966 ரூபாய். 2023 முடிவதற்குள் அது 16,000 ஐத் தாண்டிவிட்டது. நாட்கூலி அதே அளவுக்கு ஏறாத வீடு இன்னும் நெருக்கடிக்குள்தான் இருக்கிறது.

கேள்வி (குச்சவெளி, கடற்தொழிலாளியின் மனைவி): மண்ணெண்ணெய் விலை ஏறியபோது படகுக்காரரான சம்மாட்டிக்குத்தானே நட்டம் வரவேண்டும்? ஏன் எங்கள் வீட்டில் உலை கொதிக்கவில்லை?

பதில்: அக்கா, பங்குமுறையில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தானே பங்கிடுகிறார்கள். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 25 லீற்றர், ஐஸ், இரை, சாப்பாட்டுக்கு 1,000, மீன் விற்றது 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு செலவு 3,175, மிச்சம் 16,825. பாதி படகுக்கு, பாதி இரண்டு ஆட்களுக்கு என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 4,200. பிறகு செலவு 9,500, மிச்சம் 10,500, ஆளுக்கு 2,625. அதே கடல், அதே மீன், அதே உழைப்பு. கூலியில் பத்தில் நாலு போய்விட்டது.

சம்மாட்டிக்கும் அதே வீதத்தில் குறைகிறது, உண்மை. ஆனால் படகும் எஞ்சினும் அவர் கையில் நிற்கின்றன. கூலி ஆள் அந்தக் குறையை மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கித்தான் நிரப்புகிறார். முற்பணம் வாங்கியவர் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். எண்ணெய் விலை பிறகு இறங்கினாலும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. முற்பணம் எடுக்கத்தான் வேண்டுமென்றால், கிலோவுக்கு எவ்வளவு குறைத்து எடுப்பார், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கழிப்பார் என்ற இரண்டையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி (உப்புவெளி): மின்கட்டணம் எல்லோருக்கும்தானே கூடியது?

பதில்: எல்லோருக்கும் கூடியது, ஒரே மாதிரிக் கூடவில்லை. இரண்டு பல்பும் ஒரு காற்றாடியும் உள்ள வீடு மாதம் 30 அலகு எரித்தால் பழைய பில் 105 ரூபாய். 2022 ஓகஸ்ட் திருத்தத்தில் 360. 2023 பெப்ரவரியில் 1,300. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. 180 அலகுக்கு மேலே எரிக்கும் வீட்டின் உச்சப் படிக் கட்டணமோ அலகுக்கு 45 இலிருந்து 75 ஆனது. குறைந்த அலகுக்கான மின்சாரம் நெடுங்காலம் உற்பத்திச் செலவைவிட மிகக் குறைவாக விற்கப்பட்டதால் திருத்தம் வரவேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. பிழை வரிசையில். விலை 2022 இல் ஏறியது. ஏழைக் குடும்பங்களுக்குச் சில மாத இடைக்கால உதவி கொடுத்தார்கள். ஒழுங்கான கொடுப்பனவான அஸ்வெசும தொடங்கியது 2023 ஜூலையில். அந்த இடைவெளியில்தான் நகையும் எஞ்சினும் தையல் மெஷினும் வீட்டை விட்டுப் போயின. 2023 ஜூலையில் அதே 30 அலகு பில் 450 க்கு இறங்கியது. போன மெஷின் திரும்பவில்லை.

கேள்வி (தம்பலகாமம், விவசாயி): நெல் விலை ஏறினால் எங்களுக்கு இலாபம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: விற்க மிச்சம் இருக்கிறவருக்கு உண்மை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. ஏக்கருக்கு யூரியா இரண்டு மூட்டைக்குக் கிட்டத் தேவை. அது இல்லாமல் விளைச்சல் குறைந்தபோது, கடன்பட்டு விதைத்தவர் அறுவடை அன்றே களத்தில் விற்றார். மாசியில் விற்ற அதே விவசாயி ஆவணியில் அரிசி விலைக்கு வாங்கினார். ஏறிய விலையின் பலன், காயவைத்துச் சேமித்து வைக்க இடமும் பொறுமையும் இருந்தவருக்கே போனது.

கேள்வி (திருகோணமலை நகர், உயர்தர மாணவர்): நெருக்கடி வந்தால் ஏற்றத்தாழ்வு கட்டாயம் கூடுமா?

பதில்: கட்டாயமில்லை தம்பி. பரீட்சையில் பலர் தவறவிடும் இடம் இது. 1998 இல் இந்தோனேசியாவின் உற்பத்தி 13 சதவீதம் சுருங்கியது, வறுமை பாய்ந்து ஏறியது. ஆனால் வங்கிகள் சரிந்து நகரத்து வசதியானவர்களும் பலமாக அடிபட்டதால், செலவில் அளந்த சமனின்மை சற்றுக் குறைந்தது. எல்லோரும் சேர்ந்து கீழே போனார்கள். அதை முன்னேற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே சமனின்மையை அளக்கும் கினி எண்ணை மட்டும் எழுதாமல் வறுமை வீதத்தையும் சேர்த்து எழுதுங்கள். உலக வங்கியின் கணக்கில் இலங்கையின் வறுமை 2021 இல் 13.1 சதவீதம், 2022 இல் 25.

இலங்கையில் சமனின்மை கூடிய ஒரு வழி வட்டி. 2022 இன் கடைசிப் பகுதியில் அரசு குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரமான திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதம்வரை வட்டி கிடைத்தது. கையில் காசு வைத்திருந்தவர் ஒரு வருடத்துக்கு அதில் போட்டார். முதிர்வடையும்போது பணவீக்கம் 4 சதவீதத்துக்குள் இறங்கியிருந்தது. தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதி என்னவானது? 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த நிதி வைத்திருந்த முறிகள் (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்) 2025 வரை 12, பிறகு 9 சதவீத வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகளிடம் இருந்த ரூபாய் முறிகள் தொடப்படவில்லை. வங்கி விழுந்தால் வைப்பாளரும் விழுவார் என்ற காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனாலும் சுமையைச் சுமந்தது தொழிலாளியின் முதுமைக் காசு.

கேள்வி (பாலையூற்று): நகையை அடைவு வைப்பதா, விற்பதா?

பதில்: உழைத்துத் தரும் பொருளை விற்க முன் நகையை வையுங்கள். எஞ்சின், மெஷின், கறவை மாடு கடைசி. மூன்று விஷயம் கவனம். ரூபாய் விழுந்தால் பவுண் விலை ஏறும், வங்கி கூடத் தருகிறேன் என்று சொல்லும். தேவையான தொகையை மட்டும் எடுங்கள். எல்லா நகையையும் ஒரே அடைவுத் துண்டில் வைக்காமல் இரண்டு மூன்று துண்டாக வையுங்கள், கையில் கொஞ்சம் காசு வரும்போது ஒன்றையாவது மீட்கலாம். தவணை முடிய முன் வட்டியையாவது கட்டிப் புதுப்பியுங்கள். நகை ஏலத்துக்குப் போவது எப்போதும் கடன் பெரிது என்பதால் இல்லை. முகவரி மாறி அறிவித்தல் கடிதம் கைக்கு வராமலும் போகலாம்.

கேள்வி (வெருகல்): அஸ்வெசும பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. பக்கத்து வீட்டுக்கு இருக்கிறது.

பதில்: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவில் 22 அளவுகோலுக்குப் புள்ளி போட்டுத்தான் தெரிவு. பழைய, ஓடாத மோட்டார் சைக்கிளைச் சொத்தாக எழுதியது, ஒரே கூரைக்குள் இரண்டு குடும்பத்தை ஒன்றாகப் பதிந்தது, இவை பிழை வரக்கூடிய இடங்கள். மேன்முறையீட்டில் “நாங்கள் ஏழை” என்று எழுதினால் பயனில்லை. எந்தப் பதிவு பிழை என்று குறிப்பிட்டு, மின்பட்டியல், கிளினிக் கொப்பி, வாகனம் கைமாறிய கடிதம் ஆகியவற்றின் பிரதிகளுடன் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குத் துண்டு வாங்காமல் வரவேண்டாம்.

கேள்வி (மூதூர், ஆசிரியை): நெருக்கடியில் வரவு குறைந்த பிள்ளைகள் சிலர் இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வருமானம் திரும்பினாலும் பிள்ளை தானாகத் திரும்பாது ரீச்சர். இரண்டு தவணை விட்டால் பாடம் விளங்காது, வெட்கம் வரும், கையில் சம்பளம் வந்துவிட்டால் விடவும் மனம் வராது. ஒரு மாதத்தில் ஐந்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த மாதமே போங்கள். காரணம் பஸ் காசா, சப்பாத்தா, தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லையா என்று பிரித்துக் கேளுங்கள். அந்த வீட்டில் கர்ப்பிணித் தாயோ நிறை குறைந்த சின்னப் பிள்ளையோ இருந்தால் திரிபோஷ சத்துமா கிடைக்கிறதா என்று குடும்பநல மாதுவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.