பதில்: யாழ்ப்பாணம் குருநகரில் கடலேரி ஓரத்து வீடு

திறந்த கடல் இல்லை, கடலேரிதானே, புயலுக்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். கடலேரி ஆழமில்லாதது, தெற்குக் காற்று அடித்தால் தண்ணீர் குருநகர்க் கரையில்தான் குவியும். புயலின் மையம் மேற்கே கடந்த பிறகு காற்று அப்படித் திரும்பும். அதனால் கொஞ்சம் ஓய்ந்ததும் வீட்டுக்கு ஓடி வராதீர்கள்.

அப்புறம் மழை. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்களை வருத்தியது வெள்ளம்தான். எங்கள் வளவில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. சுண்ணாம்புக்கல் நிலம், அழுக்கு சீக்கிரம் இறங்கிவிடும். எச்சரிக்கை வந்த அன்றே குடங்களில் குடிநீர் நிரப்புங்கள். வெள்ளம் வடிந்தாலும், கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை அதில் குடிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு நடக்க முடியாது என்கிறீர்களே, அவரை முதல் நாளே கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.