எண்பதைத் தாண்டினால் பெட்ரோல் எங்கே போகிறது? – கேள்வி பதில்

வேகத்துக்கும் மைலேஜுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கார் பற்றிய கணக்குகள் எல்லாம், ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை வைத்துப் போட்டவை. உங்கள் வண்டிக்கு எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்கு 80, 90-இல் போனால் லிட்டருக்கு 21 கி.மீ. கிடைக்கிறது. போன மாதம் அவசரமாக 110-இல் போனேன்; 16-க்கு இறங்கிவிட்டது. இன்ஜினில் ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. சமமான சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன. டயர் நசுங்கி நசுங்கி உருளுவதால் வரும் தடை, எந்த வேகத்தில் போனாலும் ஏறக்குறைய 12 கிலோ பாரத்துக்குச் சமமாக இருக்கும். காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். 60-ஐ ஒட்டிய வேகத்தில் இரண்டும் சமம்; 80-இல் காற்று மட்டும் 20 கிலோ, 100-இல் 32, 120-இல் 46. ஆக மொத்தத் தடை 80-இல் 32 கிலோவாகவும் 120-இல் 58 கிலோவாகவும் இருக்கிறது. கூடிய அந்தத் தடையை அதிக வேகத்திலும் தாண்டவேண்டியிருப்பதால், 80-இல் சுமார் 10 குதிரைத்திறன் போதுமாயிருந்த கார் 120-இல் 26 குதிரைத்திறன் கேட்கிறது.

உங்கள் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். 85-இலிருந்து 110-க்குப் போகும்போது மொத்தத் தடை 35 கிலோவிலிருந்து 51 கிலோவாக, அதாவது சுமார் 45 சதவீதம் கூடுகிறது. உங்களுக்குப் பெட்ரோல் செலவு கூடியது 31 சதவீதம்தான். மீதி எங்கே போயிற்று என்றால், பெட்ரோல் இன்ஜின் சுமை ஏற ஏற, கொடுத்த எரிபொருளைக் கொஞ்சம் நன்றாகவே பயன்படுத்தும். மெதுவாக ஓடும்போது பாதி மூடிய திராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் அடைப்பு) வழியாக மூச்சு இழுப்பதிலேயே அதன் உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். இந்தச் சலுகை இல்லாவிட்டால் உங்களுக்கு 16-கூடக் கிடைத்திருக்காது.

கேள்வி: அப்படியானால் என் அப்பா சொல்வதுபோல் 40-இலேயே போனால் இன்னும் மிச்சமாகுமே?

ஓரளவுக்கு மட்டும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இன்ஜின் தன் சொந்த உராய்வுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஏ.சி.க்கும் தீனி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இது நேரத்துக்கு ஆகும் செலவு. மெதுவாகப் போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரின் தலையிலும் இதன் பங்கு அதிகமாக விழும். போதாததற்கு 40-இல் டாப் கியர் திணறுவதால் கீழ் கியருக்கு இறங்க நேரும். இன்ஜின் அதிராமல் டாப் கியரில் ஓடக்கூடிய குறைந்த வேகத்தைச் சுற்றித்தான் நல்ல மைலேஜ் அமைகிறது. பெரும்பாலான கார்களுக்கு அது 50-க்கும் 80-க்கும் நடுவில். அப்பா ஓட்டிய காலத்து நான்கு கியர் வண்டிக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

கேள்வி: கம்பெனி சொல்லும் மைலேஜ் ஹைவேயில்கூட வருவதில்லையே?

அந்த எண் சாலையில் ஓட்டி எடுத்ததல்ல. ஆய்வகத்தில் உருளைகள்மீது வண்டியை நிறுத்தி, இந்திய ஓட்டச் சுழற்சி என்ற அட்டவணைப்படி ஓட்டி அளந்தது. அந்த அட்டவணையின் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், அதுவும் சிறிது நேரத்துக்கு. 110-இல் போகிறவருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: சபரிமலைப் பயணத்துக்காகக் காரின் கூரையில் கேரியர் பொருத்தினோம். கழற்ற நேரமில்லாமல் ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது. காலிக் கேரியரால் ஏதாவது நஷ்டம் உண்டா?

உண்டு, ஒவ்வொரு நாளும். கூரையின்மேல் வழுக்கிச் செல்லவேண்டிய காற்று அந்தக் குழாய்களில் மோதிச் சிதறுகிறது. 70-க்குமேல் நீங்கள் கேட்கும் ஊளைச் சத்தம் அதுதான். சத்தம் போடவும் பெட்ரோல்தான் செலவாகிறது. சாமான் ஏற்றிய பெட்டி என்றால் இன்னும் மோசம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டுதலின்படி, கூரைமேல் வைக்கும், முகப்பு மழுங்கிய பெரிய பெட்டி நகரத்துக்குள் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும். அதே சாமானை வண்டியின் பின்புறம் பொருத்தினால் நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதத்தோடு போகும். ஏனென்றால் பின்புறத்துக் காற்று ஏற்கெனவே கலங்கிப்போன காற்று. ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏ.சி. போடுவதா, கண்ணாடியை இறக்குவதா?

ஊருக்குள் 40, 50-இல் போகும்போது கண்ணாடியை இறக்கினால் மிச்சம், சந்தேகமில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த ஜன்னல் வழியே காற்று உள்ளே புகுந்து சுழல்வதால் தடை கூடும். அங்கே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது, காருக்குக் கார் மாறவும் செய்யும். சித்திரை வெயிலில் அந்தச் சொற்ப வித்தியாசத்துக்காக வியர்த்து வழிந்துகொண்டு ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் மைலேஜ் குறைகிறது. மழைக்காலப் பெட்ரோலில் ஏதாவது கலப்படமா?

பெட்ரோல் பங்க்காரர்மேல் பழி போடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தானே போகிறீர்கள்? முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதற்கான காரணமே உங்கள் மைலேஜையும் தின்கிறது. கார் உணர்வது வேகமானியில் தெரியும் வேகத்தை அல்ல, காற்றுக்கும் தனக்கும் உள்ள வேகத்தை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், காலையில் உங்கள் முதுகைத் தள்ளுகிறது. மாலையில் முகத்தில் அறைகிறது.

மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்றில் நீங்கள் 80-இல் வந்தால், கார் 110-இல் போவதுபோன்ற காற்றுத்தடையைச் சந்திக்கும். 20 கிலோ 39 ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசும்போது 8 கிலோவாகக் குறையும். காலையில் மிச்சமானது 12, மாலையில் கூடியது 19. போகும்போது கிடைத்தது திரும்பும்போது போனதை ஈடுகட்டாது. இதுவும் வர்க்கக் கணக்கின் விளைவே. அம்மியையே நகர்த்தும் ஆடிக்காற்று என்று சொல்லி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் காற்றைத் தெரிந்திருக்கிறது. மாலையில் கணவாயை ஒட்டிய அந்தச் சில கிலோமீட்டர்களில் மட்டும் 60-க்கு இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: பைக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா? சின்ன வண்டிதானே, காற்று எவ்வளவு படப்போகிறது?

காரைவிட அதிகமாகவே பொருந்தும். பைக்கும் அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளும் சேர்ந்தால் காற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கதவுப்பலகை மாதிரி. காருக்கு இருக்கும் வழவழப்பான வடிவம் அதற்குக் கிடையாது. எடை குறைவாதலால் டயர் தடை இரண்டரை கிலோவைத் தாண்டாது. காற்றோ 45-இல் 4 கிலோ, 60-இல் 7, 80-இல் 12. காற்றும் டயர் தடையும் சமமாவது காருக்கு 60-இல் என்றால், பைக்குக்கு 40-க்கு முன்பே நடந்துவிடுகிறது. பொத்தான் போடாத சட்டையோ மழைக்கோட்டோ படபடத்தால் இன்னும் கூடும்.

கேள்வி: ஐயா, நாமக்கல்லில் இரண்டு லாரிகள் வைத்திருக்கிறேன். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது டீசல் பாதியாவது குறையவேண்டாமா? டிரைவர்கள் கொண்டுவரும் கணக்கு அப்படி இல்லையே.

டிரைவரைச் சந்தேகிக்கும் முன் அவர் காலியாக எந்த வேகத்தில் திரும்பினார் என்று கேளுங்கள். 25 டன் மொத்த எடையோடு ஓடும் லாரிக்கு டயர் தடையே ஏறக்குறைய 200 கிலோ. 60-இல் காற்று 115 கிலோ சேர்ந்து 315 ஆகும். காலியானால் எடை 9 டன்னாகி டயர் தடை 72-க்கு இறங்கிவிடும். ஆனால் லாரியின் முகம் சுருங்கிவிடவில்லையே? பாரம் இல்லை என்ற தைரியத்தில் டிரைவர் 80-ஐப் பிடித்தால் காற்று மட்டும் 205 கிலோ, மொத்தம் 277. லோடோடு 60-இல் போனதற்கும் காலியாக 80-இல் திரும்பியதற்கும் சமமான சாலையில் வித்தியாசம் இவ்வளவுதான். மேட்டில் ஏறுவதும் நின்று நின்று புறப்படுவதும் வேறு கணக்கு. அங்கே எடைதான் ராஜா.

தார்ப்பாயையும் கவனியுங்கள். கயிறு தளர்ந்து, பின்னால் வரும் வண்டிக்காரர் பார்க்கும்படி படபடத்துக்கொண்டு போகும் தார்ப்பாய், ஓயாமல் காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறது. காலியாக வரும்போது அதை மடித்துக் கட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனால் காற்று படாது என்கிறார்களே?

குறைவாகப் படும் என்பது உண்மைதான். அதற்கு ஒட்டவேண்டிய தூரம் பத்துப் பதினைந்து மீட்டர். 80-இல் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பஸ் பிரேக் போட்டதை உணர்ந்து நீங்கள் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த இடைவெளியைவிட அதிக தூரம் ஓடியிருப்பீர்கள். செய்யாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறேன். ஊருக்குள் கிடைக்கும் ரேஞ்ச் ஹைவேயில் ஏன் கிடைப்பதில்லை? பெட்ரோல் காரில் நேர்மாறாக அல்லவா இருந்தது?

பெட்ரோல் கார் ஊருக்குள் தடுமாறும் காரணங்கள், அதாவது நின்றபடி ஓடும் இன்ஜினும் பிரேக்கில் வீணாகும் ஆற்றலும், உங்கள் காரில் இல்லை. பிரேக் பிடித்தால் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. அதனால் காற்றுத்தடை அப்படியே வெளிச்சத்துக்கு வருகிறது. மோட்டார் எப்போதும் நன்றாகவே உழைப்பதால், பெட்ரோல் இன்ஜினுக்குச் சொன்ன சுமைச் சலுகையும் இங்கே கிடையாது. ஒன்றரை டன் எடையுள்ள கார் ஏ.சி.யோடு 80-இல் போனால் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 13 யூனிட். 110-இல் 18-க்கு மேல். பேட்டரியில் 30 யூனிட் இருந்தால் முதல் வேகத்தில் 230 கி.மீ. ஓடும், இரண்டாவதில் 160. சென்னையில் புறப்பட்டவர் விழுப்புரத்தில் சார்ஜருக்காகக் காத்திருப்பதா, நிற்காமல் தாண்டிப் போவதா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

கேள்வி: காரின் முகத்தைக் கூர்மையாக வைத்தால் போதாதா?

முகத்தைவிட வால்தான் முக்கியம். காற்றை விலக்குவது சுலபம். விலகிய காற்றைச் சுழலாமல் மறுபடி சேர்த்துவைப்பதுதான் கடினம். நீர்த்துளியின் உருண்டை முனை முன்னாலும் கூர்முனை பின்னாலும் இருக்கவேண்டும். ஜெர்மனியில் எட்மண்ட் ரும்ப்ளர் 1921-லேயே அப்படி ஒரு துளிக் காரைக் காட்சிக்கு வைத்தார். 1979-இல் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது இழுவை எண் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) 0.28 என்று வந்தது. இன்று நம் சாலையில் ஓடும் பல கார்களால் அதை எட்ட முடியவில்லை. அவ்வளவு நீண்ட வாலோடு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால், வாலைத் தொடங்கி நடுவில் வெட்டிவிடும் உத்தியை வூனிபால்ட் காம் என்ற ஜெர்மன் பொறியாளர் வகுத்தார். கடையில் வாங்கி ஒட்டும் ஸ்பாய்லர் அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: இதையெல்லாம் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. காற்றில்லாத விடியற்காலையில், ஆளில்லாத சமமான நேர்ச்சாலையில், இன்ஜினை அணைக்காமல் 80-ஐத் தொட்டு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் செல்பேசியில் நேரம் பார்க்கட்டும். 80-இலிருந்து 70-க்கு இறங்க ஏறக்குறைய 10 நொடி ஆகும். 40-இலிருந்து 30-க்கு இறங்க கிட்டத்தட்ட 20 நொடி. அதே பத்துக் கிலோமீட்டர் வேகம், அதே டயர், அதே எடை. அந்த இரட்டிப்பு வித்தியாசம் முழுக்கக் காற்றினுடையது. சாலையின் லேசான சாய்வுகூடக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், திரும்பி வந்து எதிர்த்திசையிலும் ஒருமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். மலை இறக்கத்தில் மட்டும் இதை முயலவேண்டாம். அங்கே கியரிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய இன்ஜின்கள் பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும்; நியூட்ரலில் போனால்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்கே பெட்ரோல் செலவாகும், பிரேக்கும் சூடேறும்.