மதுரையில் வீடு மாற்றும்போது சாமான் தூக்குபவர்களுக்குக் கூலிக்கு மேல் எவ்வளவு கொடுப்பது? சாப்பாடும் நாம்தான் வாங்கித் தர வேண்டுமா?

கேட்டவர் பழங்காநத்தத்திலிருந்து ஆனையூருக்குக் குடிபோகிறார். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியும் லோடுமேன்களும் பேசியாகிவிட்டது. மொத்தச் செலவில் பத்து சதவீதம் டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார், அது சரியா என்று கேட்கிறார்.

சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள். நம் ஊரில் வண்டி வாடகை தனி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தனி. இரண்டையும் கூட்டிச் சதவீதம் போட்டால் வண்டிக்கும் சேர்த்து டிப்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆள் கணக்கில் பாருங்கள். ஊருக்குள்ளேயே, கீழ்த்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு என்றால் நான் ஆளுக்கு 100 ரூபாய் கொடுப்பேன். மாடி ஏற்றி இறக்கியிருந்தால், பீரோவும் இருந்தால், 200. டிரைவர் இறங்கிவந்து கை கொடுத்திருந்தால் அவருக்கும் அதே. ஆப்பில் பிடித்த வண்டி என்றால் வாடகை பெரும்பாலும் ஓட்டுவதற்கு மட்டும்தான். அவர் சாமானைத் தொட்டால் அது அவருடைய நல்ல மனசு, அதற்குத் தனியாகக் கொடுக்கணும்.

சரி, டிப்ஸ் கணக்கு அவ்வளவுதான். வீடு மாற்றும் நாளில் சண்டை வருவது டிப்ஸால் இல்லை, பேசாமல் விட்ட வேலையால். என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதினார். அங்கே மூட்டையை இறக்கினால் ஒரு கூலி, மாடிக்கு ஏற்றினால் ஒரு கூலி, அட்டி போட்டால், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதற்கு ஒரு கூலி. எல்லாம் நோட்டில் இருக்கும், யாரும் யாரிடமும் முகம் சுளிக்கத் தேவையில்லை. வீட்டுச் சாமான் என்று வரும்போது மட்டும் "மொத்தமா எவ்வளவுண்ணே?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறோம். அப்புறம் பாதி சாமான் வண்டி ஏறிய பிறகு கொல்லைப்பக்கம் போனால் அங்கே அம்மியும் ஆட்டுக்கல்லும் உட்கார்ந்திருக்கும்.

"கல்லு இருக்குன்னு சொல்லவே இல்லையேண்ணே?"

"அது ஒரு கல்லுதானப்பா, தூக்கிப் போட்டுருங்க."

இந்த இடத்தில் ஆரம்பிக்கும் கசப்பைக் கடைசியில் 200 ரூபாய் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. அதனால் போனில் பேசும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: பீரோ எத்தனை, அதில் ஆளுயரக் கண்ணாடி வைத்தது உண்டா, கட்டிலைக் கழற்றி அங்கே போய் மாட்டித் தரணுமா, இரண்டு வீட்டிலும் எத்தனையாவது மாடி, வண்டி வாசல் வரை வருமா. செல்லூரிலும் தெற்குவாசல் பக்கமும் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே சுமக்க வேண்டிய சந்துகள் நிறைய. அந்த நடைக்கும் காசு உண்டு. முடிந்தால் முதல் நாள் சாயங்காலம் ஒருத்தரை வரச்சொல்லிச் சாமானைக் காட்டிவிடுங்கள். அப்படியும் ஏதாவது விட்டுப்போனால் அந்த நிமிஷமே "இதுக்குத் தனியா எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். "பாத்துக்கலாம்ணே" என்று தள்ளிப்போடாதீர்கள்.

பீரோ ஏன் தனிக் கணக்கு என்று சிலர் கேட்கிறார்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆனால் அது முதுகில் படிந்து உட்காரும். பீரோவுக்குப் பிடியே கிடையாது, விளிம்பெல்லாம் தகடு. எங்கள் பழைய வீட்டுப் படிக்கட்டு பாதியில் திரும்பும். மேலே ஒருத்தர் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறினார், கீழே இரண்டு பேர். கனம் முழுக்கக் கீழே இருப்பவர்கள் தோளில்தான். திருப்பத்தில் பீரோவைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். "பைய... பைய... அங்கிட்டுச் சாய்ச்சுக்க... கால் பாத்து" என்று மேலே இருப்பவர் சொல்லச் சொல்ல, கீழே இருந்தவர் ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுப் பையன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறான். அங்கே நம் வேலை, படிக்கட்டு லைட்டைப் போடுவதும், மாடிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடுவதும், லாக்கரில் இருப்பதை எடுத்துவிட்டுப் பீரோவைக் காலியாகக் கொடுப்பதும்தான். சேலையெல்லாம் உள்ளேயே இருக்கட்டும், அது என்ன கனமா என்பார்கள். பட்டுச்சேலைகளை ஒன்றாகக் கட்டித் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

புத்தகமும் அப்படித்தான். நிறைந்த கேஸ் சிலிண்டரே கிட்டத்தட்ட 30 கிலோதான். டிவி வந்த அட்டைப்பெட்டியில் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை அடைத்தால் அதைத் தாண்டிவிடும், தூக்கும்போது அடியும் பிய்ந்துவிடும். சின்னப் பெட்டியாகப் போடுங்கள். முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜைக் காலி செய்துவிடுங்கள், வாஷிங் மெஷின் தண்ணீரை வடித்துவிடுங்கள். அவர்கள் வந்து நிற்கும்போது அடுப்படிச் சாமானைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளும் உண்டு. முகூர்த்த நாளில் அவர்களுக்கு மத்தியானம் அடுத்த வீடு காத்திருக்கும். நாம் தாமதித்தால் அந்தக் கூலியில்தான் மண் விழுகிறது.

நல்ல நேரம் பார்ப்பதும் இதில் சேரும். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். ஏற்றிய வண்டி புது வீட்டு வாசலுக்கு 10.45-க்கு வந்தால், உள்ளே வைக்கக் கூடாது என்று ஒன்றேகால் மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். நம்பிக்கை இருக்கட்டும், நானும் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தக் காத்திருப்புக்குக் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் இதற்காகவே நல்ல நாளில் சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிடுவோம். சாமான் வேறொரு நாள் போகும், எந்த நேரத்தில் போனாலும் கவலையில்லை. ஒரே நாளில்தான் முடியும் என்றால், காய்ச்சிய பாலில் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுங்கள்.

இன்னொன்று. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், லோடுமேன்கள் சும்மா இருப்பார்கள். அதைப் பார்த்து அடிமாட்டு விலை பேசுவது எனக்குப் பிடிக்காது. தையிலும் வைகாசியிலும் அவர்கள் கூட்டிக் கேட்டால் மட்டும் கொள்ளை என்கிறோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் வாங்கித் தருவதுதான் இங்கே வழக்கம். கத்திரி வெயில் மாதம் என்றால் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஏற்றி முடித்ததும் இட்லி, பொங்கல், வடை. பதினோரு மணிக்கு டீ, வெயில் ஏறிவிட்டால் டீக்குப் பதில் உப்புப் போட்ட மோர். சாயங்காலம் வரை இழுத்தால் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள், அதை வேண்டாம் என்று சொல்கிற மதுரைக்காரரை நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டை இறக்கி முடித்த பிறகு வைத்துக்கொள்வதைத்தான் அவர்களே விரும்புவார்கள். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் பீரோ தூக்க முடியாது. "வாங்கியாரவா, காசாக் குடுத்துரவாண்ணே?" என்று கேட்டுவிடுவது நல்லது. கார்த்திகையில் மாலை போட்டவர் இருப்பார், வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாதவர் இருப்பார், காசை வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவரும் இருப்பார். காசாகக் கொடுத்தால் சாப்பாட்டுக் காசு வேறு, டிப்ஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

தண்ணீரை மறந்துவிடுவார்கள். தம்ளர் எல்லாம் மூட்டைக்குள் போயிருக்கும், கேன் வண்டியில் ஏறியிருக்கும். ஒரு 20 லிட்டர் கேனையும் நாலு தம்ளரையும் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். வீட்டார் குடிக்கிற அதே தம்ளர். அவர்களுக்கென்று பழைய தம்ளரைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீர் வாங்கும் கைக்கு அது தெரியாமல் போகாது. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதையும் வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்றால், கூலியை ஆள் கூட்டிவந்தவரிடம், டிப்ஸை அவரவர் கையில். ஜிபேயில் போட்டால் ஒருத்தர் போனுக்குத்தான் போகும், பங்கு பிரிவது அவர்கள் பாடு. அதனால் முதல் நாளே 100 ரூபாய்த் தாளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் மாட்டி, பீரோ நேராக நின்று, கூலி கணக்கு முடிந்த பிறகுதான் இது. இறக்குவதற்கு முன்னால் கேட்டால் "முடிங்கண்ணே, கண்டிப்பா செய்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். குடிக்க, கட்டிங்குக்கு என்று கேட்பவரும் உண்டு. நீங்கள் பாட்டில் வாங்கித் தராதீர்கள். கொடுத்த காசை அவர் என்ன செய்கிறார் என்பதில் உங்களுக்கு வேலை இல்லை.

பேக்கர்ஸ் கம்பெனி மூலமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எங்களுக்கு வாய்த்த கம்பெனி ஒன்று போனில் ஒரு தொகை சொல்லி, சாமான் வண்டி ஏறிய பிறகு "இது லிஸ்ட்ல இல்லையே" என்று கூட்டிக் கேட்டது. வேலை செய்த பையன்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். கம்பெனி மேல் உள்ள கோபத்தில் அந்தப் பையன்கள் டிப்ஸைப் பிடிக்காதீர்கள். சாமான் பட்டியல், மாடி, லிஃப்ட் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிட்டால் பாதித் தொல்லை போகும்.

ஏதாவது உடைந்தால் அப்போதே சொல்லுங்கள், மனதுக்குள் வைத்துக்கொண்டு கடைசியில் காசைக் குறைக்காதீர்கள். அவர்களில் யாருக்காவது விரல் நசுங்கினால் மருத்துவச் செலவும் அன்றைய முழுக் கூலியும் நம்முடையது, பாதி வேலையில் போனாலும். டெட்டாலும் பஞ்சும் மூட்டைக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி அதில் உண்டு. பதியாதவர்களாக இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, பழைய சாமான். அமுங்கிப்போன மெத்தை, ஓட்டை வாளி, எரியாத டியூப்லைட்டு எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு அதையே டிப்ஸ் கணக்கில் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நல்லதாக இருந்தால் "வேணுமாண்ணே?" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டும் என்றால் அவர் வீட்டு வழியாக வண்டி போகுமா என்று டிரைவரிடம் பேசிவிடுங்கள், வேண்டாம் என்றால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுங்கள்.