1729 பகா எண் என்று என் கணினி சொல்கிறதே?

கேள்வி: முதுகலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பகா எண் சோதனைகள் பற்றி ப்ராஜெக்ட். எக்செலில் 2-இன் 560-ஆவது அடுக்கை 561-ஆல் வகுத்து மீதி கேட்டால் பிழை காட்டுகிறது. தோழி சொல்லி பாரி-ஜிபி என்ற இலவசக் கணிப்பானை மடிக்கணினியில் ஏற்றினேன். கருப்புத் திரை, ஒரு கேள்விக்குறி, பட்டன் எதுவும் கிடையாது. 2-ஐ ஓர் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று சொல்லும்படி தட்டுத்தடுமாறி ஒரு நிரல் எழுதினேன். அது 1729-ஐப் பகா எண் என்கிறது. 100000007 கொடுத்தால் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 8000000’ என்று நின்றுவிடுகிறது. இங்குள்ள ப்ராஜெக்ட் சென்டரில், “இந்தக் கருப்புத் திரையெல்லாம் வைவாவில் எடுபடாது, 12 ஆயிரம் கொடுங்க, பட்டனோட முடிச்சுத் தர்றோம்” என்கிறார்கள். கொடுத்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டாயிரத்தை வீட்டில் யாரோ கடன் வாங்கித்தான் தரப்போகிறார்கள். அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள், போதும்.

உங்கள் மடிக்கணினியிலும் பழுதில்லை, பாரி-ஜிபியிலும் பழுதில்லை. நம் காதுக்கு அந்தப் பெயர் பறம்புமலைப் பாரியை நினைவூட்டும், அது தற்செயல். 1980-களில் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோஹெனும் கூட்டாளிகளும் தொடங்கிய வேலை இது. ஆனால் கொடைக்குணம் இரண்டுக்கும் ஒன்றுதான்: மூல நிரலோடு சேர்த்து யாருக்கும் இலவசம். இந்த ‘யாருக்கும் இலவசம்’ என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் எக்செல். அது கடைக்கணக்குப் பிள்ளை. 15 இலக்கம் வரைதான் அதன் கணக்கு. 2-இன் 560-ஆவது அடுக்கு 169 இலக்கம் நீளும். மீதி என்பது கடைசி இலக்கம் வரை தெரிந்தால்தான் கிடைக்கும். வாலைத் தொலைத்தவனிடம் போய் மீதி கேட்டால் என்ன சொல்வான்? பிழை என்று ஒப்புக்கொண்டதே நாணயம். எண்கோட்பாட்டு வேலைக்கு எக்செல் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 8000000. அது பைட் கணக்கு. கணக்குப் போட 8 மெகாபைட் இடத்தை ஒதுக்கிக்கொண்டு பாரி-ஜிபி உட்கார்ந்திருக்கிறது. நீங்களோ 2-ஐ 100000006 அடுக்குக்கு உயர்த்திவிட்டு, அப்புறம்தான் மீதி எடுக்கிறீர்கள். முதல் பாதியிலேயே 3 கோடி இலக்கத்துக்கு மேற்பட்ட ஓர் எண் பிறந்துவிடுகிறது. அதைக் கிடத்தவே 12 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். யாரிடம் கேட்டாலும் ‘அலோகேட்மெம்’ என்று அடித்து இடத்தைப் பெருக்கச் சொல்வார்கள். இந்த எண்ணுக்கு அது நடக்கவும் நடக்கும். இதைப்போல் ஆயிரம் மடங்கு பெரிய எண் வந்தால்? வீட்டில் குப்பை சேர்ந்தால் பெருக்க வேண்டியது குப்பையை; வீட்டை அல்ல.

அடிக்க வேண்டியது இது: மாட்(2, 100000007)^100000006. கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ‘மட்டு’ என்று படித்தோமே, அதுதான் இந்த மாட். ஒவ்வொரு பெருக்கலுக்கும் கையோடு மீதி எடுத்துக்கொண்டே போகும். நடுவில் எந்த எண்ணும் 17 இலக்கத்தைத் தாண்டாது. பத்துக் கோடி முறை பெருக்குவதும் இல்லை. 26 முறை வர்க்கம், இடையிடையே சில பெருக்கல், முடிந்தது. எண்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்து நிற்கும். விடையும் மாட்(1, 100000007) என்ற உருவில்தான் வரும். வெறும் 1 மட்டும் வேண்டுமென்றால் லிஃப்ட் என்ற கட்டளைக்குள் அதைப் போடுங்கள்.

மாட் என்பதில் முதல் எழுத்து பெரிய எழுத்து. ஐஸ்பிரைம் (பகா எண்ணா என்று பார்ப்பது), ஃபாக்டர் (காரணிகளாக உடைப்பது), ஜிசிடி (மீப்பெரு பொது வகுத்தி), லிஃப்ட் எல்லாம் சின்ன எழுத்து. சின்ன எழுத்தில் மாட் அடித்துவிட்டு, மென்பொருள் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்கள் நிறைய. தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பும் நிரலையும் அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே மாட்டியதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கிவிட்டு, நட்சத்திரத்தை விழுங்கிவிடும். இங்கே நட்சத்திரம்தான் பெருக்கல் குறி! ஒரு மாணவர் இரண்டு நாள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

சரி, 1729-க்கு வருவோம். உங்கள் ப்ராஜெக்ட்டே இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640-இல் சொன்னது என்ன? ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த அடியை எடுத்து, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1. நீங்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்: மீதி 1 வந்தால் பகா எண். மழை பெய்தால் வாசல் நனைந்திருக்கும், சரி. வாசல் நனைந்திருந்தால் மழை பெய்தது என்றாகிவிடுமா? கோலம் போட யாராவது தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

341-ஐப் பாருங்கள். அது 11 × 31. ஆனாலும் 2-ஐ அடியாக வைத்தால் மீதி 1. அடியை 3 ஆக்குங்கள். மாட்(3, 341)^340 கேட்டால் 56 வரும், குட்டு உடைந்துவிடும். உடனே, ‘நாலைந்து அடிகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் போதுமே’ என்று தோன்றும். சென்டர்காரர்கள் விற்கும் நிரல் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். 1729-இடம் இந்த வித்தை பலிக்காது. 2, 3, 5, 10, 100 எதைக் கொடுத்தாலும் 1, 1, 1 என்றே சொல்லும். அதன் காரணிகள் 7, 13, 19. இவற்றில் ஒன்று குறைத்தால் 6, 12, 18. இந்த மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால் மூன்று காரணிகளிடமும் தனித்தனியாக 1 வந்து, மொத்தமாகவும் 1 ஆகிவிடுகிறது. அடியே 7, 13, 19 இவற்றில் ஏதாவது ஒன்றின் மடங்காக இருந்தால் மட்டும் மாட்டும். 7-ஐ வைத்துப் பாருங்கள், 742 வரும். ஆனால் காரணி முன்னாலேயே தெரிந்தவருக்குச் சோதனை எதற்கு?

இந்த ஜாதி எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 1910-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கார்மைக்கேல் காட்டிய 561 இவற்றில் மிகச் சிறியது. 10000-க்குள் மொத்தம் ஏழே ஏழு: 561, 1105, 1729, 2465, 2821, 6601, 8911. ‘ஏழுதானே, பட்டியல் போட்டு விலக்கிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். இவற்றுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 1729 என்றதும் வைவாவில் யாராவது ஒருவர் நிச்சயம் ராமானுஜனை இழுப்பார். ஹார்டி வந்த டாக்ஸியின் எண், இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று கதை ஓடும். ஓடட்டும். முடிந்ததும் நீங்கள் எழுந்து, “ஐயா, அந்தக் கதையிலேயே இது பகா எண் இல்லை என்பதும் இருக்கிறது” என்று சொல்லுங்கள். 1³ + 12³ என்றால் அதை 1 + 12, அதாவது 13 வகுக்கும். 9³ + 10³ என்றால் 19 வகுக்கும். இரண்டு கனங்களின் கூடுதலை அவற்றின் அடிகளின் கூடுதல் வகுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

கதை தெரியாத எண்களுக்கு வழி? 1728-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 64 × 27. நேராக 1728-ஆவது அடுக்குக்குத் தாவாதீர்கள், படிப்படியாக ஏறுங்கள். மாட்(2, 1729)^27 என்றால் 645. அதை வர்க்கம் எடுங்கள், அடுக்கு 54, விடை 1065. இன்னொரு வர்க்கம், அடுக்கு 108, விடை 1. இங்கே நில்லுங்கள். வர்க்கம் எடுத்தால் 1 வரும் எண்கள், பகா எண்ணை மட்டாக வைத்தால் இரண்டே: 1, அல்லது அதன் எதிர்க்குறி. இங்கே எதிர்க்குறி என்றால் 1729-இல் ஒன்று குறைவு, அதாவது 1728. நமக்கு நடுவில் வந்த 1065 இரண்டும் இல்லை. ஆகவே 1729 பகு எண். கதை முடிந்தது என்று போய்விடாதீர்கள், காரணியும் கையிலேயே இருக்கிறது. 1065-இன் வர்க்கத்தில் ஒன்று குறைத்தால் 1064 × 1066. இப்போது ஜிசிடி(1064, 1729) கேளுங்கள், 133. ஜிசிடி(1066, 1729) கேளுங்கள், 13. பெருக்கினால் 1729. மில்லர்–ராபின் என்ற பகா எண் சோதனையின் உயிர் இதுதான். 2047 மாதிரி சில எண்கள் அடி 2-க்குத் தப்பிவிடும். அடியை 3 ஆக்கினால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் கையால் செய்யாமல் ஐஸ்பிரைம்(1729) என்று அடித்தாலே 0, அதாவது ‘இல்லை’ என்று வரும். அது நிரூபித்த விடை. அதே கேள்விக்கு ஐஸ்சூடோபிரைம் என்று இன்னொரு கட்டளையும் உண்டு, அது வேகமானது. அது நிரூபணம் இல்லை என்றாலும், அதை ஏமாற்றிய எண் ஒன்றை இதுவரை யாரும் காட்டியதில்லை. அறிக்கையில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்போது அந்த சென்டர். இவர்கள் செய்வதை நான் வருஷாவருஷம் வைவா அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரே நிரலை அட்டை மாற்றி ஐந்து பேருக்கு விற்பார்கள். மூன்று மாணவர்களின் அறிக்கையில் ஒரே ஸ்கிரீன்ஷாட், ஒரே எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பையன் வண்ண வண்ணப் பட்டன்களோடு வந்தான். 561 கொடுத்துப் பார் தம்பி என்றேன். அழுத்தினான். ‘பகா எண்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. கைதட்டுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது, பாவம். நிரலைக் காட்டு என்றால், சென்டரில் ஓட்டும் கோப்பை மட்டும்தான் தந்தார்களாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. இன்னும் சிலர் இலவச மென்பொருளுக்கு ‘லைசென்ஸ் கீ’ என்று தனியாக ஆயிரம், இரண்டாயிரம் கறக்கிறார்கள். பாரி-ஜிபிக்குச் சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்யும் ரகசியச் சாவி ஆர்எஸ்ஏ. ‘ஆர்எஸ்ஏ சாவியை உடைத்துக் காட்டுகிறோம்’ என்று யாராவது சொன்னால், எத்தனை இலக்கம் என்று கேளுங்கள். 30 இலக்க எண்ணை உங்கள் ஃபாக்டர் கட்டளையே கண்சிமிட்டும் நேரத்தில் உடைக்கும். நிஜ வங்கிச் சாவி 600 இலக்கத்தைத் தாண்டும்.

இவர்கள் ஏன் செழிக்கிறார்கள் என்றால் நம் படிவங்களால்தான். கணித ப்ராஜெக்ட்டுக்கும் ‘ஃப்ரண்ட் எண்ட்’, ‘பேக் எண்ட்’ என்று இரண்டு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பட்டன் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று பிள்ளைகள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இந்த மென்பொருளை ஆய்வகத்தில் ஏற்ற அனுமதி கேட்டேன். ‘பில் இல்லாத பொருளை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்ற வழியில்லை’ என்று கோப்பு திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் மறுநாளே ஏற்றியிருப்பார்கள்.

நீங்கள் படிவத்தோடு சண்டை போட வேண்டாம். ‘ஃப்ரண்ட் எண்ட்’ கட்டத்தில் ‘ஜிபி கட்டளைவரி’ என்றும், ‘பேக் எண்ட்’ கட்டத்தில் ‘பாரி நூலகம்’ என்றும் எழுதுங்கள். பொய்யே இல்லை. பாரி என்பது சி மொழியில் எழுதிய நூலகம். ஜிபி அதற்கு வாசல்.

வேலையைத் தொடங்குமுன் பின்சாய்வுக் கோடும் சின்ன ‘எல்’ எழுத்தும் அடித்து எண்டர் தட்டுங்கள். அதன் பிறகு நீங்கள் அடிப்பதும் அது சொல்வதும் பாரி.லாக் என்ற கோப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். அதை அச்செடுத்துப் பின்னிணைப்பாக வைத்துவிட்டால், நிரல் யார் எழுதியது என்ற கேள்வியே எழாது. ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் பாரிட்ராய்டு என்று ஒன்று உண்டு. வைவா அன்று ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் அதிலேயே காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கான வேலை: மேலே சொன்ன ஏழு எண்களுக்கும் 1729-க்குச் செய்ததையே செய்து அட்டவணை போடுங்கள். ஏழும் 2-ஐ அடியாக வைத்தாலே உடையும். சரிபார்த்துக்கொள்ள 561-இன் விடையைத் தருகிறேன்: அடுக்கு 35-இல் தொடங்கினால் 263, 166, 67, பிறகு 1, காரணிகள் 33-உம் 17-உம். மீதி ஐந்து உங்களுடையது.